அடுக்களையில் ஒரு தேக்கு அலமாரி



இசையும் இலக்கியமும் மணந்த இம்மேடையில் அடுக்களையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இதைச் சிறு பொருள் என்று எவரும் தள்ளிவிட வேண்டா. இக் கரக்பூரில் நம் பிள்ளைகள் தமிழைக் கற்றது பெரும்பாலும் அடுக்களை வாயிலில் நின்றுதான் அன்றோ?

எங்கள் குவார்ட்டர்ஸின் அடுக்களை, கரி அடுப்பு எரிந்த நாளில் கட்டப்பட்டது. அதன் மூலையில் ஆளுயரத் தேக்கு அலமாரி ஒன்று உண்டு. ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒருவரிடம் எங்கள் தந்தையார் 1981-ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது அது. தந்தையார் 2003-இல் பணியிலிருக்கும்போதே மறைந்தார். பத்தாம் வகுப்போடு நின்ற எங்களுக்கு எழுத்தர் வேலை கிடைத்தது. வீடும் அலமாரியும் எங்களிடமே தங்கின. நாளடைவில் அலமாரியின் பின்பலகையைக் கரையான் அரித்தது, கீல்கள் துருப்பிடித்தன, எண்ணெய்ப் பிசுக்கு மரத்தின் நிறத்தையே மறைத்தது. ஆயினும் அதை மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அதன்முன் நாள்தோறும் நிற்பவர்கள் நாங்கள் அல்லவே!

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், மேல்தட்டிலிருந்த புளிச் சாடியை எடுக்க அம்மா முக்காலி மீது ஏறினார், வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அன்றுதான் எங்கள் கண் திறந்தது.

உடனே, சுவரோடு பொருத்தும் புதுமாதிரி அலமாரிகளைப் பார்க்க ஒரு கடைக்குச் சென்றோம். பளபளப்புக்குக் குறைவில்லை. உட்புறமோ மரத்துகளைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஈரம் புகுந்தால் அது ஊதிவிடும். ஊதிய பலகையில் திருகாணி நில்லாது. வீடு திரும்பி விலையைச் சொன்னோம். மாவுக்கட்டுக் கையோடு இருந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "நீ ரிட்டயர் ஆகும்போது இதைக் கழற்றிக்கொண்டு போக முடியுமாடா?" எங்களிடம் விடை இல்லை. குவார்ட்டர்ஸில் வாழும் நம் அனைவருக்கும் உரிய கேள்வி அது.

அந்நாட்களில் நாங்கள் படித்த செய்தி ஒன்று இரயில்வே குடும்பத்தார்க்குப் பெருமை தருவது. 1926-ஆம் ஆண்டில் மார்கரேத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரிய நாட்டுப் பெண் கட்டடக் கலைஞர், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வகுத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். இரயில் உணவுப் பெட்டியின் சிறு சமையலறையில் ஆட்கள் எட்டி எட்டி நடவாமல் வேலை செய்வதே அவருக்கு வழிகாட்டியாயிற்று. பெண்ணொருத்தி எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை முறை குனிகிறாள் என்று கணக்கிட்டு, அலமாரிகளின் இடத்தை அவர் முடிவு செய்தார். மாவு வைக்கும் இழுப்பறைகளைப் புழு அண்டாத ஓக் மரத்தால் அமைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அவ்வடுக்களை அமைந்தது.

இதைப் படித்தபின், முதலில் அளவு நாடாவை எடுத்தோம். அம்மாவை நிற்கவைத்து முழங்கை உயரத்தைக் குறித்தோம். வேலை செய்யும் மேடை முழங்கைக்குச் சுமார் 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ இருப்பது நலம். நாள்தோறும் எடுக்கும் பண்டங்கள் முழங்காலுக்கு மேலும் கண்ணுக்குக் கீழும் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தோம்.

பின்னர் வங்காளி மிஸ்திரி ஒருவரை அழைத்தோம். தேக்கைத் தட்டிப் பார்த்த அவர், எலும்பு கெடவில்லை என்றார். அவ்வலமாரியையே பிரித்து, சுவரில் ஆணி அறையாமல் தாமே நிற்கும் மூன்று சிற்றலமாரிகளாக ஆக்கினார். அரித்த பின்பலகைக்கு மாற்றாக, கொதிநீரைத் தாங்கும் ஒட்டுப்பலகையை ஐ.எஸ். 303 முத்திரை பார்த்து வாங்கினோம். கழுவுதொட்டியின் அருகில் மட்டும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகை. அறுத்த முனைகளே நீரை மிகுதியாக உறிஞ்சும். ஆதலின் அவற்றிற்கு இருமுறை வார்னிஷ் பூசினோம். தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் கால்கள் வைத்ததால் அடியில் துடைக்கலாம்; கரையான் ஏறினாலும் தெரியும். செலவு, கடைக்காரர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கே ஆயிற்று.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடுப்புக்கு நேர் மேலே மர அலமாரி வேண்டா. காஸ் உருளையை அடைப்பான அலமாரிக்குள் வைத்தலும் வேண்டா. அக்காஸ் காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். தாழ்விலே காற்று வெளியேற வழி இருத்தல் கட்டாயம்.

வேலை நடந்தபோது, பழைய கதவொன்றின் உட்புறத்தில் பென்சில் எழுத்துகள் தென்பட்டன. தந்தையாரின் இரவுப் பணி நாள்களை, உணவு கட்டித் தருவதற்காக அம்மா குறித்துவைத்தவை. மிஸ்திரி இழைப்புளியைக் கையிலேந்தி நின்றார். அப்பகுதியை அப்படியே விட்டுவிடச் சொன்னோம். அம்மாவோ, "பிசுக்கு ஏறிக் கிடக்கிறது, இழைக்கச் சொல்லு. அந்தச் சோறெல்லாம் கட்டிக் கொடுத்தாயிற்று" என்றார். மரம் பொன்னிறமாக வெளிவந்தது. அம்மாவின் கையும் தேறியது. இப்போது அதே கதவில், காஸ் உருளை வந்த தேதிகளைத் தமிழில் எழுதி வருகிறார்.

நம் இல்லங்கள் நமக்குச் சொந்தமல்ல. அவற்றில் உழைப்பவர்கள் நமக்குச் சொந்தம். அடுக்களையைப் புதுப்பிக்க எண்ணுவோர், கடைக்குச் செல்லுமுன் அங்கே நிற்பவரிடம் ஒரு சொல் கேட்குமாறு வேண்டி அமைகின்றோம்.