சளி பிடித்தவர் தொட்டில் பக்கம் போகலாமா?

2025 ஜனவரி 6. பெங்களூருவில் இரண்டு கைக்குழந்தைகளுக்கு எச்.எம்.பி.வி. என்ற சளி வைரஸ் தொற்று என்று செய்தி வந்தது. ஒன்றுக்கு மூன்று மாதம், இன்னொன்றுக்கு எட்டு மாதம். இரண்டும் வெளிநாட்டுப் பக்கமே போகாத பிள்ளைகள். அன்றைக்குப் பங்குச்சந்தைகூடச் சரிந்தது!

இத்தனைக்கும் அது புதிய கிருமி இல்லை. 2001-லேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரும்பாலும் சாதாரண சளி, இருமல், காய்ச்சலோடு போய்விடும். தடுப்பூசி இல்லை, ஆன்டிபயாடிக் வைரஸிடம் பலிக்காது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

ஆனால் கைக்குழந்தைக்குச் சளி என்றால் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? மூச்சு வேகமாக ஓடுகிறதா? பால் குடிக்க மறுக்கிறதா? உதடு நீலம் பாய்கிறதா? அப்படியென்றால் கஷாயம் போட்டுப் பார்க்கும் நேரமில்லை, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்தக் கிருமி இருமல், தும்மலில் மட்டுமல்ல, கையிலும் வரும். பிள்ளையைப் பார்க்க வருகிறவர் முதலில் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவட்டும். தாய்க்கே சளி என்றால் முகக்கவசம் கட்டிக்கொண்டு பால் கொடுக்கலாம், நிறுத்த வேண்டாம். மற்றபடி, மூக்கு ஒழுகுகிற மாமாவோ அத்தையோ கொஞ்ச வந்தால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முத்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.