களம் என்னும் சொல்



வீரகதைப் பாடல்களைப் பற்றிப் பேச ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்றால் அதற்குத் திருச்சிராப்பள்ளியை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. மதுரைவீரன் பொம்மியோடு வந்து சேவகத்தில் சேர்ந்தது இந்த ஊர் நாயக்கரிடம் என்று கதை சொல்கிறது. காத்தவராயன், ஆரியமாலை கதை இந்தச் சீமையைச் சுற்றித்தான் நடக்கிறது. இங்கிருந்து தென்மேற்கே மணப்பாறை வழியாகப் போனால் வீரப்பூர். பொன்னரும் சங்கரும் பெரியகாண்டியம்மனின் காவலில் தெய்வங்களாக நிற்கும் ஊர் அது. மாசித் திருவிழாவில் வேடபரி புறப்படும் நாளில் அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கதைகளை இன்னும் ஏன் படிக்க வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் என் பேச்சை இங்கிருந்து வெகு தொலைவில், யூப்ரடீஸ் நதிக்கரையில் தொடங்குகிறேன்.

கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்டு கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசுக்குக் அந்த நதியை ஒட்டிய கிழக்கு எல்லையில் அரபு அரசுகளோடு நூற்றாண்டுக் கணக்கில் சண்டை இருந்தது. அந்த எல்லையைக் காத்த வீரர்களுக்கு அக்ரிதாய் என்று பெயர். எல்லைக்காரர்கள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர்களைப் பற்றிய பாட்டுகளை அக்ரிதப் பாடல்கள் என்கிறார்கள். அவற்றின் நாயகர்களில் தலையானவன் திகெனிஸ் அக்ரிதாஸ். திகெனிஸ் என்றால் இரு குலத்தில் பிறந்தவன். தகப்பன் ஓர் அரபு அமீர். தாய் பைசாந்தியப் பெருங்குடிப் பெண், அமீர் சிறைபிடித்துக்கொண்டு போனவள். அவளுக்காக அவன் தன் மதத்தை விட்டு அவளுடைய நாட்டுக்கே வந்துவிட்டான். அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை, சிறுவனாக இருக்கும்போதே வெறுங்கையால் கரடியைக் கொல்கிறான். சங்கர் கொம்பன் என்ற பன்றியை வேட்டையாடிய கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவன் அந்நியன் இல்லை.

இந்தத் திகெனிஸின் கதை இரண்டு வழியில் நம்மிடம் வந்திருக்கிறது. ஒன்று ஏட்டு வழி. அவன் பெயரில் ஒரு காப்பியம் இருக்கிறது. கிரேக்க மொழியில் அதன் கையெழுத்துப் படிகள் ஆறு. ரோமுக்கு அருகே கிரோட்டாஃபெராட்டா மடத்துப் படியும், ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்துப் படியும் அவற்றுள் பழமையானவை. கருங்கடல் கரையில் ட்ரெபிசோந்தில் கிடைத்த படி 1875இல் அச்சேறிய பிறகுதான் ஐரோப்பியக் கல்வியுலகம் இப்படி ஒரு காப்பியம் உண்டென்று அறிந்தது. மற்றொன்று வாய் வழி. போந்தஸ், கப்பதோசியா, சைப்ரஸ், கிரீட் என்று பல இடங்களில் மக்கள் அவனைப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இரண்டு வழியிலும் அவன் சாகிறான். எப்படிச் சாகிறான் என்பதில்தான் வேறுபாடு. ஏட்டில் அவன் நோய்வாய்ப்பட்டுப் படுக்கையில் கிடந்து உயிர் விடுகிறான். பாட்டிலோ, உயிரைப் பறிக்க வந்த காரோஸை, அதாவது எமனை, நேருக்கு நேர் சந்தித்து மல்லுக்கு நிற்கிறான். அந்த மல்யுத்தம் எங்கே நடக்கிறது என்று கேட்டால், பளிங்கு பாவிய களத்துமேட்டில் என்கிறது பாட்டு. போரடித்துத் தூற்றும் கதிர்க்களம். கிராமத்துக்கு வெளியே, காற்று வாங்கும் மேட்டில், வட்டமாகக் கல் பாவிய இடம்.

இதை முதன்முதலில் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கிரேக்கர்களுக்கு அது ஓர் உருவகம். நமக்கு அது ஒரு சொல். நெல் அடிக்கும் இடமும் களம், வாள் வீசும் இடமும் களம், கூத்தாடும் இடமும் களம். போர்க்களத்தை ஏர்க்களமாகப் பாடும் மரபு புறப்பாடல்களிலேயே இருக்கிறது. கலிங்கத்துப்பரணியில் களம் பாடியது என்று ஒரு பகுதியே உண்டு. அந்த மரபின் கடைசிக் கண்ணி வீரப்பூர்ப் பக்கத்துப் படுகளம். அறுவடையும் சாவும் ஆட்டமும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்ற மொழி நம்முடையது. வீரகதையைப் படிக்க அதைவிட நல்ல திறவுகோல் எந்தக் கோட்பாட்டு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

படுகளம் என்றால் என்ன என்று வெளியூரிலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மணப்பாறைக்கு அருகே என் பாட்டியின் ஊரில் பொன்னர் சங்கர் கதை நடத்தினார்கள். பல இரவுகள் பாட்டு. கோளாத்தாக் கவுண்டர் காலத்தில் தொடங்கி, குன்னுடையார், தாமரை நாச்சியார், பிள்ளைவரம், இரட்டையர் பிறப்பு, தங்கை அருக்காணித் தங்காள், தலையூர்க் காளியோடு பகை என்று போய்க்கொண்டே இருந்தது. பாதி இரவு பாட்டி மடியில் தூங்கிவிடுவேன். கடைசி இரவு மட்டும் தூங்கவில்லை. அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் மாளும் கட்டம் வந்ததும் உடுக்கைச் சத்தம் மாறியது. கூட்டத்திலிருந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் சாய்ந்தார்கள். சும்மா படுக்கவில்லை, வெட்டுண்டவர்களைப் போல விழுந்தார்கள். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரும் விழுந்து கிடந்தார். அவர்மேல் துணி போர்த்தினார்கள். அன்று காலையில் எனக்கு மிட்டாய் கொடுத்த மனிதர் அசைவில்லாமல் கிடப்பதைக் கண்டு நான் அழத் தொடங்கிவிட்டேன். பாட்டி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "பயப்படாத சாமி, தங்கா வந்து எழுப்பிருவா" என்றாள்.

தங்காள் வந்தாள். அண்ணன்மாரைத் தேடி அழுதுகொண்டே களத்தைச் சுற்றி வந்து தண்ணீர் தெளித்தாள். கிடந்தவர்கள் எழுந்தார்கள். மளிகைக்காரர் எழுந்து உட்கார்ந்து திருதிருவென விழித்ததை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது.

இந்த ஒரு காட்சிக்குத்தான் இத்தனை ஆண்டுகளாக நான் விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த இரவில் கேட்பவர் என்று தனியாக ஒருவரும் இருக்கவில்லை. பாட்டைக் கேட்க வந்தவரே பாட்டுக்குள் செத்து, பாட்டுக்குள் பிழைத்தார். திகெனிஸ் காரோஸிடம் தோற்றதோடு அவன் பாட்டு முடிகிறது. நம் பாட்டில் சாவுக்குப் பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. விழுந்தவர்களை எழுப்ப வேண்டும். மாண்டவருக்குக் கல் நட்டுப் படையலிட்ட பழைய நடுகல் வழிபாட்டின் தொடர்ச்சியாகவே இதை நான் காண்கிறேன்.

நம் துறையின் வரலாற்றில் கிரேக்கமும் தமிழும் முன்பே ஒருமுறை சந்தித்திருக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கைலாசபதி இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கவியல் அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். 1968இல் வெளிவந்த அவருடைய தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்துப் பார்த்தது. அதற்குப் பின்னால் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவில் செய்த களப்பணி இருந்தது. எழுத்தறியாத பாடகர் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை, பழகிய தொடர்களைக் கொண்டு பாடும்போதே கட்டுகிறார் என்று அவர்கள் காட்டினார்கள். கைலாசபதியின் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. சங்கப் பாடல்களின் செறிவு பாடும்போதே கட்டப்படும் பாட்டின் செறிவாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஏட்டுக்குப் பின்னால் ஒரு குரல் இருக்கிறது, அதைத் தேடு என்று தமிழ் ஆய்வுக்குச் சொன்னவர் அவர். அந்தக் கடனை இந்த அவையில் சொல்லாமல் விடக்கூடாது.

குரலைத் தேடிப் போனவர்களில் ஒருவர் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1965இல் கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அவருடைய பணியில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. ஒரே பாடகர் ஊரார் முன்னால் பாடிய கதையும், எழுதிக்கொள்பவருக்குச் சொல்லிக் கொடுத்த கதையும் ஒன்றாக இல்லை. எதிரே ஊர் இருந்தால் ஒரு கதை, எதிரே பேனா இருந்தால் வேறு கதை. திகெனிஸ் ஏட்டில் கட்டிலிலும் பாட்டில் களத்திலும் ஏன் சாகிறான் என்பது இதைக் கொண்டு எனக்கு ஓரளவு விளங்கிற்று.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாயகர்களிலும் இரு குலத்தார் உண்டு. மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சான கதைகளில் அவன் காசியரசன் மகன். காட்டில் விடப்பட்டு, சின்னான் செல்லி என்ற அருந்ததியர் தம்பதியால் வளர்க்கப்பட்டவன். அவன் பிறப்பிலேயே எங்கள் பிள்ளை, அரச பிறப்பு பின்னால் ஒட்டவைத்தது என்று சொல்லும் குரலும் வலுவாக இருக்கிறது. எனக்கு இந்தக் குரல்தான் நியாயமாகப் படுகிறது. மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட ஒருவனுக்கு மரியாதை தர அவனை முதலில் அரசகுமாரனாக்க வேண்டியிருந்தது என்பதே அந்தச் சமூகத்தைப் பற்றிய சாட்சியம். காத்தவராயன் கழுவேறும் கதையிலும் இதே முடிச்சு இருக்கிறது. காலக் கணக்கையும் இந்தக் கதைகள் பொருட்படுத்துவதில்லை. 1659இல் இறந்த திருமலை நாயக்கரும், 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாதரும் மதுரைவீரன் என்ற ஒரே கதைக்குள் அரசாள்கிறார்கள். விஜயரங்கரின் ஆளுயரச் சிலையைத் திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் குடும்பத்தோடு கைகூப்பிய கோலத்தில் காணலாம். கோயில் அவரைப் பக்தராக வைத்திருக்கிறது, பாட்டு அவரை வீரனின் எசமானாக வைத்திருக்கிறது.

ஆகவே பதிப்பாளர்களுக்கு என் வேண்டுகோள்: சரியான பாடம் எது என்று தேடி மற்றவற்றை அடிக்குறிப்புக்குத் தள்ளாதீர்கள். ஏட்டுச்சுவடிக்கு உ.வே.சா. காட்டிய நெறி மகத்தானது. அதை அப்படியே உடுக்கடிப் பாட்டுக்குப் பொருத்தினால், தோற்றவர்களின் பாடம்தான் முதலில் காணாமல் போகும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருவரங்கம் இருக்கிறது. கம்பர் இராமாவதாரத்தை அங்கே, தாயார் சந்நிதிக்கு எதிரேயுள்ள மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. இரணியன் வதைப் படலத்தைக் கேட்டு மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஆமோதித்தாராம். அது வரலாறா என்று நான் கேட்கப்போவதில்லை. எழுதி முடித்த காவியம்கூடக் கேட்கப்பட்ட பிறகே காவியமாகும் என்று இந்த ஊர் நம்பியது. கேட்டவரின் தலையசைப்பைக்கூட மறக்காமல் கதையாக வைத்துக்கொண்டது.

கேட்பவர்கள் இடம்பெயர்ந்தால் என்னவாகும்? 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் செய்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அனத்தோலியாவை விட்டுக் கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். போந்தஸ் அகதிகள் தங்கள் மூன்று தந்தி லைராவையும் பாட்டுகளையும் கொண்டு வந்தார்கள். பாட்டில் வந்த ஆறும் மலையும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. நம்மவர்களுக்கும் இது நேர்ந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் சீமைகளிலிருந்து இலங்கையின் தோட்டங்களுக்குப் போனவர்கள் காமன் கூத்தோடு பொன்னர் சங்கரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். தேயிலைமலையில் அந்தக் கதையில் வரும் வீரமலை ஏது? இருந்தும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு முன்னால் ஒரு திடலைக் களமாக்கிக்கொண்டு ஆடினார்கள். வடக்கே யாழ்ப்பாணத்தில் காத்தவராயன் கூத்து வேரூன்றியது. இந்த மாநாட்டுக்கு வந்த கட்டுரைகளில் இலங்கை மலையகம் பற்றி மிகக் குறைவாகவே இருப்பது எனக்கு வருத்தம்.

இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். பதிவுக் கருவியைப் பாட்டுக்காரர் பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பக்கமும் திருப்புங்கள். எந்த இடத்தில் அழுதார்கள், எந்த இடத்தில் எழுந்து டீ குடிக்கப் போனார்கள், எந்த வரியில் ஒரு கிழவி பாட்டுக்காரரைத் திருத்தினாள், யார் விழுந்தார்கள், யார் தண்ணீர் தெளித்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாட்டுக்காரருக்குரிய சன்மானத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பு இல்லை. நான் கேட்டுக்கொண்டதன்படி அமைப்பாளர்கள் அதைப் பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மணப்பாறைப் பக்கமிருந்து உடுக்கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டுக்காரர்கள் தங்காள் களம் தேடும் பகுதியைப் பாடப் போகிறார்கள். நாற்காலிகளைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள், நடுவில் இடம் வேண்டுமாம்.