மெஸ் பில் கட்டாதோர் பட்டியல்

இன்று பட்டம் பெறும் இளம் மருத்துவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். மீதியை நானே சொல்கிறேன்.

நான் நுரையீரல் மருத்துவன். காசநோயும் ஆஸ்துமாவும் போக, என் ஓ.பி. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பீடி குடித்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள். "பீடியை விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் என்னை டாக்டருக்குப் படிக்க வைத்ததும் அந்தப் பீடிதான்.

எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல் பக்கம். விளக்கு வைத்த பிறகும் அம்மா மடியில் சொளவோடு உட்கார்ந்து பீடி சுற்றுவார். இலை வெட்டுவது அக்கா, சுற்றிய பீடியின் முனையை மடக்குவது நான். நகக்கண்ணில் தூள் ஏறியிருக்கும். எத்தனை முறை கை கழுவினாலும் பிசைந்த சோறு காறும். அந்தக் காலத்தில் ஆயிரம் பீடிக்கு இத்தனை பைசா என்று அரசு ஒரு செஸ் வசூலித்தது. 1976-இல் வந்த பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின்படி அந்தப் பணத்திலிருந்து தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகை கொடுத்தார்கள். ஆக, நாட்டில் யார் யாரோ குடித்த பீடி எனக்கு அனாட்டமி புத்தகமானது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ் போய்விட்டது. நலத்திட்டத்துக்கு இப்போது பட்ஜெட்டிலிருந்துதான் பணம் வரவேண்டும்.

உதவித்தொகை வாங்கிப் படித்தேன் என்று சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். எதற்குக் கூச்சம்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வெளியே வந்தாரே, அவருக்கும் புதுக்கோட்டை மன்னரின் உதவி இருந்தது. அம்பேத்கர் 1913-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு. அதே அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்தபோதுதான், 1944-இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. உதவி வாங்கியவருக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

நான் எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது நுழைவுத் தேர்வு வந்த புதிது. அரசுக் கல்லூரிக் கட்டணம் அப்போதும் பெரிதில்லை, இப்போதும் சில ஆயிரங்கள்தான். இடம் கிடைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே போனால்தான் டிசெக்‌ஷன் பாக்ஸ், வெள்ளைக் கோட், படிக்க எலும்புகள் உள்ள போன் செட், மெஸ் அட்வான்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். போன் செட்டை ஒரு சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கி, அறைத் தோழனும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். மண்டையோடு ஒரு வாரம் என் கட்டிலடியில், மறுவாரம் அவன் கட்டிலடியில். ஊரிலிருந்து வந்த அவன் தாத்தா அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு வராந்தாவில் படுத்துக்கொண்டது தனிக்கதை.

உதவித்தொகை சாங்ஷன் ஆகியிருந்தது. பணம் வரவில்லை. விடுதியில் தேதி தாண்டினால் அபராதம். அதற்கும் மேல் போனால் நோட்டீஸ் போர்டில் 'மெஸ் பில் கட்டாதோர்' என்று பெயர் ஏறும், பிறகு சாப்பாடு நிறுத்தம். என் பெயர் ஏறிவிட்டது. வகுப்புப் பெண்கள் வரை விஷயம் பரவியதில் சாப்பாடு போவதைவிட மானம் போனதுதான் பெரிதாகத் தெரிந்தது. பெட்டியைக் கட்டிவிடலாம் என்றே இருந்தேன்.

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை பிரிவைப் பார்த்துக்கொண்ட கிளார்க் அம்மா ஒருவர் இருந்தார். எந்த மாணவனின் ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது என்பதை நீள நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருப்பார். நான் போய்க் கேட்கவில்லை. போர்டில் இருந்த பெயர்களைத் தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'இம்மாணவர்களுக்கு உதவித்தொகை வரவேண்டியுள்ளது. வரும்வரை உணவு நிறுத்த வேண்டாம்' என்று டைப் அடித்து, டீனிடம் கையெழுத்து வாங்கி வார்டனுக்கு அனுப்பிவிட்டார். அதற்கு விதி எதுவும் கிடையாது என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்று ராத்திரியே எனக்குத் தட்டு விழுந்தது. பணம் கைக்கு வந்தபோது வருடம் முடியப்போகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பாட்டுத்தான், என் மாணவர்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும்: தேதிக்கு வராத உதவி பாதி உதவிகூட இல்லை. 2020-ஐ நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் சேர்ந்த பிள்ளைகள், அந்த ஒரே ஆண்டில் 300-க்கும் மேல். பெரிய காரியம். ஆனால் கவுன்சலிங் நடந்த அந்த நவம்பரில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், பணம் கட்ட வழியில்லாமல் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே கட்டும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. சிலர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. ஒதுக்கீடும் இருந்தது, பணம் தரும் மனமும் இருந்தது. தேதி மட்டும் முந்திக்கொண்டது.

இப்போது பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வருகிறது, நல்லதுதான். ஆனால் ஆதாரில் இனிஷியல் முன்னால், மார்க் ஷீட்டில் பின்னால் என்று ஒரு பிள்ளையின் பணம் நின்றுபோனதை நானே பார்த்திருக்கிறேன். கணினிக்கு அந்தக் கிளார்க் அம்மாவின் நோட்டு தெரியாது.

இளம் மருத்துவர்களே, உங்களில் பலர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகப்போகிறீர்கள். கல்லூரியில் சேர உடற்தகுதிச் சான்று கேட்டு ஒரு பிள்ளை வந்து நிற்கும். 'நாளைக்கு வா' என்று சொல்லாதீர்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவோ அம்மாவோ கூட வந்திருப்பார். அப்போதே பார்த்து, அப்போதே கையெழுத்துப் போடுங்கள், காசு வாங்காதீர்கள்.

இன்னொன்று. இன்று ஊருக்குக் கிளம்புமுன் விடுதி அலுவலகத்துக்கு ஒரு நடை போங்கள். முதலாமாண்டில் யாருக்கு மெஸ் பில் நிற்கிறது என்று வார்டனிடம் கேளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து ஒருவருடைய பில்லைக் கட்டுங்கள். யார் கட்டியது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். ரசீதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.