மேலாளர் அறைக்கு அடுத்த அறை



இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளரின் மனக்கஷ்டம் கேட்க ஆலோசகரை வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அறை மேலாளர் அறைக்கு அடுத்தது, நேரமோ பகல். ஒருவரும் போகவில்லை. இரவு ஷிப்டு சகோதரி ஒருத்தி, "ஐயா, அங்க போனா சூப்பர்வைசர் பாப்பாரு" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேனில் வரும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அதில் இடமேயில்லை.

இ.எஸ்.ஐ. மருத்துவம் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உண்டே! 2017-இல் அதன் சம்பள வரம்பு 21,000 ரூபாயாக உயர்ந்தது. மனதுக்கு மட்டும் ஏன் பிரிவினை?

2022-இல் அரசு தொடங்கிய டெலிமானஸில் 14416 எண்ணுக்கு இரவும் பகலும் இலவசமாய்த் தமிழில் பேசலாம். அந்த எண்ணைக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்.

உங்களில் ஆலை நடத்துவோர் உண்டு. ஆலோசகரை ஷிப்டு மாறும் வேளையில், கேட்டுக்கு வெளியே அமர்த்துங்கள். வந்தவர் பெயரைக் கேட்காதிருங்கள்.