ரேகையும் உரிமையும்

(கோட்டைப்பட்டினம் படிப்பகத்தில் ஆற்றிய உரை)



நீங்கள் படிக்க எடுத்துக்கொண்ட ‘லிட்டில் பிரதர்’ நாவல், 2008-ல் கோரி டாக்டரோ இளைஞர்க்கென எழுதியது. சான் பிரான்சிஸ்கோவிலே குண்டு வெடிக்கிறது. குற்றமற்ற பள்ளி மாணவனைப் பிடித்து அடைக்கிறது அரசு. ஊரையே வேவு பார்க்கிறது. ஏனென்றால், “உங்கள் பாதுகாப்புக்காக” என்கிறது! மாணவனோ ஒடுங்கவில்லை, தோழர்களைத் திரட்டுகிறான்.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். கதைதான் அமெரிக்காவுடையது, கொடுமை நாம் அறிந்தது! குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றனர். பிறப்பையே குற்றமாக்கி, கைரேகை பதித்து, இரவிலே காவல் நிலையத்தில் படுக்கவைத்த சட்டம் அது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். துப்பாக்கி பேசிற்று, பிணங்கள் வீழ்ந்தன. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

2008 நவம்பரில் கடல்வழி வந்தோர் மும்பையைத் தாக்கினர். அதன்பின் கடலோர மீனவர்க்குக் கைரேகை பதிந்த அடையாள அட்டை வந்தது. கரையைக் காப்பது அரசின் கடமை, மறுக்கவில்லை. ஆனால், காப்பவன் கேள்விக்கு அப்பாற்பட்டவனா?

இல்லை! தனியுரிமை அடிப்படை உரிமையே என்று, 2017 ஆகஸ்டு 24-ல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆகவே, ரேகை கேட்பவரிடம் கேளுங்கள்: எந்தச் சட்டப்படி? எந்த நோக்கத்துக்கு? தேவைக்கு மிஞ்சாத அளவிலா?

கேட்கத் தெரிந்த மக்களை எந்த அரசும் கைதியாக்க முடியாது!