கல்வியின் கண்ணுக்குத் தெரியாத செலவு



பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோர் முதலில் கேட்பது, "கட்டணம் எவ்வளவு?" என்பதே. அக்கேள்வி தேவையானதுதான், ஆயினும் அது முழுக் கணக்கன்று. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றொன்றைக் கைவிட நேர்கிறது. அவ்வாறு கைவிட்டவற்றுள் சிறந்ததன் மதிப்பைப் பொருளியலார் 'வாய்ப்புச் செலவு' என்பர். 1979-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற தியோடர் சுல்ட்ஸ், மாணவர் படிக்குங்காலத்தில் ஈட்டாது விட்ட ஊதியத்தையும் கல்விச் செலவில் சேர்த்தே கணக்கிட்டார்.

ஓர் எடுத்துக்காட்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவன் துணிக்கடையில் சேர்ந்தால் மாதம் 12,000 ரூபாய் பெறுவான் எனக் கொள்க. மூன்றாண்டுப் பட்டப்படிப்பின் கட்டணமும் நூல்களும் ஆண்டுக்கு 15,000 வீதம் 45,000 ரூபாய். அவன் இழக்கும் ஊதியமோ 4,32,000 ரூபாய். கண்ணுக்குத் தெரியும் செலவைப் போல ஒன்பது மடங்குக்கு மேற்பட்டது தெரியாத செலவு!

இதனால் படிப்பு வீண் என்று முடிவு கட்டலாகாது. பட்டம் பெற்றபின் மாதம் 6,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்குமாயின், இரு செலவுகளும் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகளில் மீண்டுவிடும். அதன்பின் பணிக்காலம் முழுவதும் ஆதாயமே. அறிவும் தன்மதிப்பும் எக்கணக்கிலும் அடங்கா. ஆனால் நாட்டமோ வேலைவாய்ப்போ பாராமல், பிறரைப் பார்த்துச் சேர்ந்த படிப்பில் கழியும் ஆண்டுகள் மீளா.

இக்கணக்கு எல்லா வீட்டிற்கும் ஒன்றன்று. வசதியுள்ள வீடு அவ்வூதியத்தை இழந்தும் காத்திருக்கும். தந்தை நோயுற்ற வீட்டிலோ, அந்த 12,000 ரூபாயே வாடகையும் அரிசியும் மருந்தும் ஆகும். கட்டணம் முழுவதையும் கொடையாளர் செலுத்திய பின்னரும் சில மாணவர் இடையிலேயே நின்றுவிடுவது இதனாலன்றோ? "அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என ஊரார் கூறுவர். அவனுக்கு நாட்டம் இருந்தது. காத்திருக்க வீட்டில் வழியில்லை.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துகின்றன. மேற்கண்ட ஊதியத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்கே; எனினும் உதவி செல்ல வேண்டிய திசையை அது காட்டுகிறது. மாலை நேரக் கல்லூரியும் தொலைநிலைக் கல்வியும் ஊதியத்தை இழக்காமலே கற்கத் துணைசெய்யும் வேறு வழிகள்.

ஆகவே, கல்விக்கு உதவ முன்வருவோர் கட்டணச் சீட்டை மட்டும் கேட்டு அமையலாகாது. "இப்பிள்ளை படிக்கும் மூன்றாண்டும் வீட்டைத் தாங்குவோர் யார்?" என்றும் கேட்டல் வேண்டும். அதற்கு விடை கிடைத்தாலன்றிக் கொடுத்த கட்டணம் பட்டமாகக் கனியாது.