திருநாள் விற்பனையும் நம் கலைஞரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேச வல்ல அறிஞர் பலர் உளர். நாமோ புகைவண்டி நிலையத்தில் சீட்டும் பதிவேடும் எழுதிப் பழகியவர். ஆதலின் கணக்கோடு தொடர்புடைய பொருளொன்றையே எடுத்துக்கொண்டோம். நம் தங்கவயலில் பொம்மை செய்வோரும் வண்ணம் தீட்டுவோரும் திருநாட்காலத்தில் மிகுதியாக விற்பது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரியின் இரண்டாம் நாள். நம் லைனில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இரண்டு கூடை மண்பொம்மைகளுடன் நிலையத்து வாயிலில் அமர்ந்திருந்தார். மாலைவரையில் மூன்றே பொம்மைகள் விலைபோயின. "பொம்மையில் குறை ஏதேனும் உண்டோ, ஐயா?" என்று நம்மை வினவினார். பொம்மையில் குறையில்லை, நாளில்தான் குறை. கொலு வைப்போர் மகாளய அமாவாசையன்றே படி கட்டிவிடுகின்றனர். அதன் பின்னர்ப் பொம்மை வாங்குவார் யார்? வண்ணம் வாங்கப் பணம் கிடைத்ததோ ஆவணி இறுதியில். மழையில் மண் உலரவும் நாளாயிற்று. மறு ஆண்டு அவர் அச்சை எடுக்கவேயில்லை. அவருடைய மகனும் பெங்களூர் வண்டியேறிக் காவல் வேலைக்குச் செல்கின்றான். ஒரு குடும்பத்தின் கலை அத்துடன் முடிந்தது.

திருநாள் விற்பனை திருநாளன்று முடிவாவதன்று. பல திங்களுக்கு முன்னரே முடிவாகிவிடுவது. இதுவே நாம் கூற வந்த முதற்செய்தி. சித்திரை, வைகாசி வெயிலில் அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையிட்டு வைத்தவனுக்கே புரட்டாசியில் கடை உண்டு.

மதுரையை அடுத்த விளாச்சேரியைப் பாருங்கள். அங்குள்ள கைவினைஞர் பிள்ளையாரும் செய்கின்றனர். கொலுப் பொம்மையும் செய்கின்றனர். கிறிஸ்துமஸ் குடிலுக்குரிய உருவங்களும் செய்கின்றனர். மண் ஒன்றே, கை ஒன்றே, திருநாட்கள் பல. கோவிலும் மாதாகோவிலும் அருகருகே உள்ள நம் தங்கவயலுக்கு இதனினும் பொருத்தமான பாடம் உண்டோ? ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகையில் அகல், மார்கழியில் குடில், தையில் பொங்கற்பானை என்று ஆண்டின் ஐந்து திங்கள் கைக்கு வேலை உண்டு.

முன்கூட்டிச் செய்ய முதல் வேண்டுமே என்பீர். வட்டிக்கடையில் வாங்கினால் வருவாயை வட்டியே தின்றுவிடும். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதமரின் விசுவகர்மா திட்டத்தில் குயவரும் மரபுவழிப் பொம்மை செய்வோரும் இடம்பெற்றுள்ளனர். ஈடின்றி முதற்கடனாக ரூ. 1 இலட்சம்வரை, 5 விழுக்காடு வட்டியில் பெற அதில் வழியுண்டு. படிவம் நிரப்பத் தெரியாமையால் இதனை இழப்போர்க்கு நம் சங்கத்து இளைஞர் எழுதியுதவலாகாதா?

அடுத்தது இடம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பெற்ற பின்னர், நம்மவருள் மிகப் பலர் மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் வண்டியேறிப் பெங்களூர் சென்று மீள்கின்றனர். நம் ஊரின் பெரிய கடைத்தெரு இன்று நடைமேடையே. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இரயில்வே துறை 'ஒரு நிலையம், ஒரு பொருள்' என்னும் திட்டத்தை 19 நிலையங்களில் வெள்ளோட்டமாகத் தொடங்கியபோது, பெங்களூர் நிலையத்தில் சென்னபட்டணத்து மரப்பொம்மைகளுக்கு இடம் கிடைத்தது. நம் கலைஞர் கூட்டாக விண்ணப்பித்தால் நமக்கும் வழி பிறக்கலாம். நிலையத்தில் பல்லாண்டு நின்று கண்ட உண்மை ஒன்றும் உண்டு. காலை வண்டிக்கு ஓடுபவன் பொம்மையைத் திரும்பியும் பாரான். மாலை வண்டியில் இறங்குபவனே குழந்தையை நினைத்து நிற்பான். ஆகவே கடையை மாலையில் விரியுங்கள். சம்பளம் வரும் வாரத்தில் தவறாது விரியுங்கள்.

மூன்றாவது, எதைச் செய்வது? கல்யாண செட்டும் செட்டியார் கடையும் பண்ருட்டியிலிருந்தும் காஞ்சியிலிருந்தும் வந்து குவிகின்றன. அவற்றோடு போட்டியிட்டு விலையைக் குறைப்பதில் பயனில்லை. சுரங்கக் கோபுரம், விளக்கேந்திய தொழிலாளி, சோற்றுத்தூக்குடன் வாயிலில் நிற்கும் அவன் மனைவி, லைன் வீடுகள், சயனைடு மேடு ஆகியவற்றை ஒரு செட்டாகச் செய்யுங்கள். கொலுப் படியருகே பிள்ளைகள் ஊர் அமைப்பது வழக்கமன்றோ? அவ்வூர் நம் ஊராகட்டும். இங்குப் பிறந்து சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ்பவர் இதனை விரும்பி வாங்குவர். வேறெவரும் செய்யாத பொருளுக்கே விலை சொல்லும் உரிமை உண்டு. அடியில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் பொறியுங்கள். விலையிடும்போது மண், விறகு, வண்ணம், உடைசல் ஆகியவற்றோடு உங்கள் கைக்கூலியையும் கூட்டுங்கள். அதனை மறப்பவரே நம்மில் பலர்.

இறுதியாக, வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டு. ஆண்டுதோறும் கொலுவில் புதுப்பொம்மை ஒன்றேனும் வைப்பது மரபு. அந்த ஒன்றை ஆடித் திங்களிலேயே நம் கலைஞரிடம் சொல்லி, பாதிப்பணம் முன்னதாகக் கொடுங்கள். பெருங்கடையில் அச்சிட்ட விலையைப் பேசாது கொடுக்கும் நாம், தரையில் கடை விரித்தவனிடம் பேரம் பேசுவது முறையன்று. அமாவாசைக்கு முந்திய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க மண்டபத்தை வாடகையின்றி அவர்கட்குத் திறந்துவிடுமாறு தலைவர் அவர்களை வேண்டுகிறோம்.

அன்று அம்முதியவர் கேட்ட வினாவுக்கு நாம் விடை கூறவில்லை; வண்டிக்கு மணியடித்துவிட்டது என்று உள்ளே சென்றுவிட்டோம். இன்று கூறுகிறோம்: குறை பொம்மையில் இல்லை, ஐயா, காலத்தே வாங்காத எங்களிடத்திலும் இருந்தது. இனியொரு கூடை திரும்பிச் செல்லாதிருப்பதாக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!